எல்லை கடந்த நெடும்பயணம்: மோட்டார் சைக்கிளில் குழுவாக வெளிநாடு செல்வோருக்கான முழுமையான வழிகாட்டி

தனியாகப் போகிறவர் தன் பைக்கின் தொட்டி கொள்ளும் அளவுக்குத் தொலைவு போகலாம். ஐந்து பேராகப் போகிறவர்களோ, அந்த ஐந்து தொட்டிகளில் எது சிறியதோ அது தாங்கும் தொலைவுக்குத்தான் போக முடியும். இந்தக் கணக்கு எரிபொருளோடு நின்றுவிடுவதில்லை. யாருக்கு விடுமுறை குறைவோ அவருடைய நாள்களே பயணத்தின் நாள்கள். யாருடைய விசா கடைசியாக வருகிறதோ அதன் பிறகுதான் புறப்பாடு. மாலையில் யார் முதலில் களைக்கிறாரோ அவர் நிற்கும் ஊரே அன்றைய இரவுத் தங்கல். குழுவாகத் திட்டமிடுகிறவர்கள் இந்தக் குறைந்த அளவுகளை முன்கூட்டியே கண்டறிந்து, அவற்றுக்கு ஏற்பப் பாதையையும் ஆவணங்களையும் பணத்தையும் அமைத்துக்கொள்ள வேண்டும். தோழர்களோடு பல எல்லைகளைக் கடந்த அனுபவத்தை வைத்து, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. குழுவை அமைத்தல்: ஓராண்டுக்கு முன்பு

நான்கு முதல் ஆறு பேர் என்பதே என் கணிப்பில் சரியான எண்ணிக்கை. எட்டைத் தாண்டினால் எரிபொருள் நிரப்பும் ஒவ்வொரு நிறுத்தமும் அரைமணி நேரமாகிவிடுகிறது. சிறிய விடுதிகளில் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. எல்லைச் சாவடியில் ஒருவர் பின் ஒருவராக முத்திரை வாங்கி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது.

முதல் கூட்டத்தில் பாதையைப் பற்றிப் பேச வேண்டாம். வரைபடத்தை விரித்தவுடன் எல்லோருக்கும் உற்சாகம் பிறந்து, பேசக் கூச்சமான செய்திகள் அதன் அடியில் மறைந்துபோகும். அதற்கு முன் ஒவ்வொருவரும் நான்கு கேள்விகளுக்கு எழுத்தில் பதில் தரட்டும்: உறுதியாக எத்தனை நாள்கள் கிடைக்கும், திரும்பி வரும்வரை எவ்வளவு செலவழிக்க முடியும், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓட்ட விருப்பம், நடுவழியில் ஒருவரால் தொடர முடியாமல் போனால் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும். குழுக்களை உடைப்பது நான்காவது கேள்வி. ஒருவருக்குக் கால் முறிந்தால் ஒருவர் உடன் தங்குவாரா, எல்லோரும் தங்குவார்களா, எத்தனை நாள்கள் காத்திருப்பார்கள் என்பதை அமைதியான ஒரு மாலையில் முடிவு செய்துகொண்டவர்களுக்கு, மருத்துவமனை வாசலில் நின்று அதைப் பேசும் நிலை வராது.

அடுத்தது ஒத்திகைப் பயணம். மூன்று நாள், முழுச் சுமையோடு, ஒரு நாளாவது மண் சாலையில். எங்கள் ஒத்திகையில் இருவர் விடியற்காலை ஐந்தரைக்கே ஹெல்மெட்டோடு வாசலில் நின்றார்கள். மற்ற இருவர் ஒன்பது மணிக்கு முன் பேனியர் எனப்படும் பக்கவாட்டுப் பயணப் பெட்டியைப் பூட்டியதே இல்லை. மூன்றாம் நாள் பேச்சே குறைந்துவிட்டது. அன்று மாலை உட்கார்ந்து, ஏழரைக்குப் பைக்குகள் கிளம்ப வேண்டும் என்று முடிவு செய்தோம். அந்த உடன்பாடு பிறகு நாற்பது நாள்கள் நிலைத்தது. ஒத்திகையில் ஒத்துவராத ஒருவர் விலகிக்கொள்ள விரும்பினால், மனம் நோகாமல் விலக வழி விடுங்கள்.

2. பாதையும் பருவமும் நாள்கணக்கும்

பாதையைப் பருவம்தான் தீர்மானிக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாய் பனிக்காலம் முழுவதும் மூடப்பட்டிருக்கும்; அர்ஜென்டினாவில் வடக்கிலிருந்து தெற்காக 5,000 கி.மீ.க்கு மேல் ஓடும் ரூட்டா 40 சாலையின் தென்பகுதிக்கு உகந்த காலம் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, அப்போதும் படகோனியாவின் பக்கக் காற்று பைக்கைச் சாய்த்தே ஓட்ட வைக்கும். வரைபடத்தில் தொடர்ச்சியாகத் தோன்றும் சாலை தரையில் அப்படி இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கண்டங்களை இணைக்கும் பான்-அமெரிக்க நெடுஞ்சாலை பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சுமார் 100 கி.மீ. அறுந்து கிடக்கிறது, டாரியன் இடைவெளி எனப்படும் அந்தக் காட்டுப்பகுதியைத் தாண்டப் பைக்கைக் கப்பலிலோ விமானத்திலோதான் ஏற்ற வேண்டும்.

ஒரே சாலையை எந்தத் திசையில் ஓட்டுகிறோம் என்பதும் முக்கியம். மத்திய ஆசியாவின் பாமிர் நெடுஞ்சாலையான எம்41-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கிர்கிஸ்தானின் ஓஷ் நகரம் சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கிளம்புகிறவர் முதல் நாளே சுமார் 3,170 மீட்டரிலுள்ள சாரி-தாஷ் ஊரை எட்டி, மறுநாள் 3,900 மீட்டரை ஒட்டிய காராகுல் ஏரிக்கரையில் தங்க நேர்கிறது. தஜிகிஸ்தானின் துஷான்பே பக்கமிருந்து வருகிறவரோ பள்ளத்தாக்கு வழியாகப் படிப்படியாக ஏறி, சுமார் 2,100 மீட்டரிலுள்ள கோரோக் ஊரில் இரண்டு இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டு, அதன் பின் 4,655 மீட்டர் உயர அக்-பைதால் கணவாயை நோக்கிப் போகலாம். குழுவில் உயரம் ஒத்துக்கொள்ளாத ஒருவர் இருப்பார் என்று கொண்டே திசையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது மேலே போகும்வரை யாருக்கும் தெரியாது. இப்பகுதிக்கு விசாவோடு கோர்னோ-படக்‌ஷான் தன்னாட்சிப் பகுதிக்கான தனி அனுமதியும் தேவை. எல்லைச் சாவடிகள் திறந்திருக்கின்றனவா என்பதைப் புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பு ஒருமுறையும், ஒரு வாரம் முன்பு ஒருமுறையும் சரிபாருங்கள்.

நாள்கணக்குக்கு நான் பின்பற்றும் அளவுகள் இவை. நல்ல தார்ச்சாலையில் நாளொன்றுக்கு 300 முதல் 350 கி.மீ., மண் அல்லது சரளைச் சாலையில் 150 முதல் 200 கி.மீ., எல்லை கடக்கும் நாளில் அதில் பாதி. ஐந்து நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. இவற்றோடு மொத்த நாள்களில் ஏழில் ஒரு பங்கை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். மழை, பழுது, காய்ச்சல், மூடிய சாவடி எல்லாம் அந்த நாள்களைத் தாமே எடுத்துக்கொள்ளும்.

எரிபொருள் கணக்கையும் இந்தக் கட்டத்திலேயே முடியுங்கள். குழுவில் மிகச் சிறிய தொட்டி 11 லிட்டர், லிட்டருக்கு 30 கி.மீ. என்றால் தாளில் 330 கி.மீ. வரும். சுமை, எதிர்க்காற்று, மணல் ஆகியவற்றுக்காக அதில் கால் பங்கைக் கழித்தால் ஏறத்தாழ 250 கி.மீ. மிஞ்சும். இரண்டு எரிபொருள் நிலையங்களுக்கு இடையே அதற்கு மேல் தொலைவு வரும் பகுதிகளை வரைபடத்தில் சிவப்பால் குறித்து, கூடுதல் கேனை யார் சுமப்பது என்று எழுதிவையுங்கள். உஸ்பெகிஸ்தான் போன்ற நாடுகளில் சில நிலையங்களில் தரம் குறைந்த 80 ஆக்டேன் பெட்ரோல் மட்டுமே கிடைக்கும்; உயர் அழுத்த இன்ஜின் உள்ள பைக்குகள் குழுவில் இருந்தால் இதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

3. ஆவணங்கள்: பயணத்தின் முதுகெலும்பு

புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் ஒரு நாள்காட்டியை ஒருவர் பொறுப்பில் வையுங்கள். ஆளுக்கு ஒரு வரிசை, ஆவணத்துக்கு ஒரு கட்டம். பல நாடுகள் கடவுச்சீட்டு ஆறு மாதத்துக்குக் குறையாமல் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. வெற்றுப் பக்கங்களையும் எண்ணிக்கொள்ளுங்கள். குழுவில் வெவ்வேறு நாட்டுக் குடிமக்கள் இருந்தால், ஒருவருக்கு விசாவே வேண்டாத நாட்டுக்கு மற்றவர் இரண்டு மாதம் காத்திருக்க நேரலாம். ஐரோப்பிய நாடுகள் பல சேர்ந்த ஷெங்கன் பகுதியில் எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும் 90 நாள்கள் மட்டுமே தங்க முடியும் என்பது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் சேர்த்த கணக்கு. நாட்டுக்கு நாடு அது புதிதாகத் தொடங்குவதில்லை.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இரண்டு வகையாகப் புழங்குகிறது: 1949 ஜெனீவா உடன்படிக்கையின் கீழ் ஓராண்டுக்குத் தரப்படுவது, 1968 வியன்னா உடன்படிக்கையின் கீழ் அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குத் தரப்படுவது. சில நாடுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். ஜப்பான் 1949 வகையை மட்டும் ஏற்பது இதற்கு எடுத்துக்காட்டு. எந்த வகையானாலும், அதில் மோட்டார் சைக்கிளுக்கான பிரிவில் முத்திரை இருக்கிறதா என்பதைக் கையில் வாங்கிய அங்கேயே பாருங்கள். கார் பிரிவில் மட்டும் முத்திரையோடு போகிறவருக்கு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தர மறுக்கலாம்.

ஆளுக்குக் கடவுச்சீட்டு எப்படியோ, பைக்குக்குச் சுங்க ஆவணம் அப்படி. இது நாட்டைப் பொறுத்து இரு வகைப்படும். முதலாவது கார்னெட். வாகனத்தைத் திரும்ப வெளியே கொண்டுபோவேன், அங்கே விற்கமாட்டேன் என்பதற்கான பன்னாட்டு உறுதிப் பத்திரம் இது. உள்நாட்டு வாகன ஓட்டிகள் மன்றம் இதை வழங்குகிறது. பொதுவாக ஓராண்டு செல்லும். வாகனத்தின் மதிப்பையும் போகும் நாடுகளையும் பொறுத்து வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கேட்பார்கள். பாகிஸ்தான், ஈரான் போன்ற நாடுகளுக்கு இது கட்டாயம். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டுகளாக இருக்கும். நுழையும்போது சுங்க அதிகாரி ஒரு துண்டைக் கிழித்துக்கொண்டு அடிக்கட்டையில் முத்திரையிடுவார். வெளியேறும்போது இன்னொன்றைக் கிழித்துக்கொண்டு அதே அடிக்கட்டையில் இரண்டாம் முத்திரையிடுவார். நுழைவு முத்திரை இருந்து வெளியேறும் முத்திரை இல்லாத பக்கம் ஒன்று இருந்தால், அந்த நாடு முழு இறக்குமதி வரியையும் கேட்கலாம். அது வைப்புத்தொகையிலிருந்து போகும். இரண்டாவது வகை, லத்தீன் அமெரிக்க நாடுகள் பெரும்பாலானவற்றில் உள்ளதுபோல எல்லையிலேயே தரப்படும் தற்காலிக இறக்குமதி அனுமதி. அதில் எழுதப்படும் காலக்கெடுவும் விசாவின் காலக்கெடுவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

எல்லையில் கொடுக்கும் எந்தத் தாளையும் சாவடியை விட்டு நகர்வதற்கு முன் எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பைக்கின் சேஸிஸ் எண்ணில் 17 குறிகள் உண்டு. ஒன்று, சுழி ஆகிய இலக்கங்களோடு குழம்பிவிடக் கூடாது என்பதற்காகவே ஐ, ஓ, கியூ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் அதில் வருவதில்லை. எங்கள் தோழர் ஒருவரின் அனுமதித் தாளில், பன்னிரண்டாம் இடத்தில் சுழிக்குப் பதில் ஓ என்று தட்டச்சாகியிருந்தது. நுழைந்த அன்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பதினொரு நாள் கழித்து வெளியேறும் சாவடியில், அதிகாரி கைவிளக்கோடு குனிந்து, ஸ்டீயரிங் கழுத்தில் பொறித்த எண்ணின் மேலிருந்த புழுதியைக் கட்டைவிரலால் துடைத்துத் துடைத்து ஒப்பிட்டார். பைக் வேறு, தாள் வேறு என்றார். உள்ளே தொலைபேசியில் பேசி, திருத்தக் கடிதம் எழுதி, மேலதிகாரி கையொப்பமிட்டு முடிய ஆறரை மணி நேரமானது. நான்கு பேரும் தகரக் கூரையின் நிழல் நகர நகர நாங்களும் நகர்ந்து உட்கார்ந்திருந்தோம். இப்போதெல்லாம் ஒருவர் எண்ணை உரக்கப் படிக்க, இன்னொருவர் தாளில் விரல் வைத்துப் பார்க்கிறார். இரண்டு நிமிட வேலை.

பைக் ஓட்டுபவரின் பெயரிலேயே பதிவாகியிருப்பது நல்லது. இல்லையென்றால், உரிமையாளர் நோட்டரியிடம் சான்றுறுதி பெற்றுத் தரும் அனுமதிக் கடிதம் வேண்டும். மூன்றாம் தரப்புக் காப்பீட்டுக்கு ஐரோப்பாவிலும் அதை ஒட்டிய சில நாடுகளிலும், ஒரு நாட்டில் எடுத்த காப்பீடு மற்ற நாட்டிலும் செல்லும் என்று காட்டும் பச்சை அட்டை முறை உள்ளது. மற்ற இடங்களில் பெரும்பாலும் எல்லையிலேயே வாங்கலாம். எல்லா ஆவணங்களின் நகல்களையும் ஒவ்வொருவரும் தம்முடையதோடு இன்னொருவருடையதையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

4. பைக்கை அனுப்புதல்

மூன்று வாரத்துக்குக் குறைந்த பயணம் என்றால், போகும் நாட்டிலேயே வாடகைக்கு எடுப்பது பெரும்பாலும் மலிவாக முடியும். ஆனால் வாடகை பைக்கோடு எந்தெந்த எல்லைகளைக் கடக்கலாம் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சொந்தப் பைக்கை விமானத்தில் அனுப்பினால் உண்மையான எடை, கன அளவை வைத்துக் கணக்கிடும் எடை ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்கே கட்டணம்; ஒரு கன மீட்டருக்கு 167 கிலோ என்பது வழக்கமான கணக்கு. 2.2 மீட்டர் நீளம், 0.9 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரமுள்ள பெட்டி ஏறத்தாழ 397 கிலோவாகக் கணக்கிடப்படும். முன்சக்கரத்தையும் காற்றுத் தடுப்பையும் கழற்றிப் பெட்டியை 1.9, 0.8, 1.1 மீட்டராகக் குறைத்தால் அது 279 கிலோவாகிவிடும். தொட்டியில் கால் பங்குக்கு மேல் எரிபொருள் இருக்கக் கூடாது, பேட்டரி இணைப்பைக் கழற்றியிருக்க வேண்டும். கப்பலில் ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்புவது சிக்கனமானதுதான். ஆனால் ஒருவருடைய தாளில் பிழை இருந்தாலும் எல்லோருடைய பைக்கும் துறைமுகத்தில் நிற்கும். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் அனுப்புகிறவர்கள் சக்கரக் கம்பிகளின் இடுக்கில்கூட மண் இல்லாதபடி கழுவ வேண்டும். அங்கே உயிரியல் பாதுகாப்புச் சோதனை மிகக் கண்டிப்பானது.

5. பைக்கும் உதிரிகளும்

எல்லோரும் ஒரே மாடல் ஓட்டினால் கிளட்ச் கேபிள், பிரேக் லீவர், பிரேக் பேட், ஸ்பார்க் பிளக், ஆயில் ஃபில்டர் எல்லாம் ஒரு தொகுப்பு போதும். வெவ்வேறு மாடல் என்றால் ஆளுக்கொரு சிறு தொகுப்பும், பொதுவாக ஒரு கருவிப் பெட்டியும் காற்று பம்பும் இருக்கட்டும். செயின், ஸ்ப்ராக்கெட், டயர்களைப் புறப்படுவதற்கு முன்பே புதிதாக மாற்றி, 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். கடைசி வாரத்தில் எந்தப் புதுப் பொருளையும் பைக்கில் பொருத்தாதீர்கள்.

டியூப் உள்ள சக்கரமானால், குழுவில் குறைந்தது இருவர் தம் கையாலேயே டயரைக் கழற்றி டியூப்பை மாற்றிப் பழகியிருக்க வேண்டும். பின்சக்கர டயரின் விளிம்பை ரிம்மிலிருந்து பிரிப்பதே கடினமான வேலை. பக்க ஸ்டாண்டை நெம்புகோலாகக் கொண்டு இன்னொரு பைக்கின் எடையால் அதை அழுத்திப் பிரிக்கலாம் என்பதைப் படித்தறிவதும் கொட்டும் மழையில் செய்வதும் ஒன்றல்ல. வீட்டு வாசலிலேயே இரண்டு முறை செய்து பாருங்கள்.

6. உடல்நலமும் காப்பீடும்

பயணக் காப்பீட்டுப் பத்திரத்தில் விலக்குகள் பகுதியை முதலில் படியுங்கள். பல பத்திரங்கள் 125 சிசிக்கு மேற்பட்ட பைக் ஓட்டுவதை விலக்கியிருக்கும். அவசர மீட்பும் சொந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்பும் செலவும் அடங்கிய பத்திரம் இல்லாதவரைக் குழுவில் சேர்க்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று ஊசி போட்டுப் பத்து நாள் கழித்தே செல்லுபடியாகும். 2016 ஜூலை முதல் அது வாழ்நாள் முழுவதற்கும் செல்லும். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தூங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல் இருப்பதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னோர் இரவு தங்குவதும் பொதுவான மருத்துவ அறிவுரை. தலைவலியோடு தள்ளாட்டமும் சேர்ந்தால் காத்திருக்காமல் கீழே இறங்க வேண்டும். அவரைப் பைக் ஓட்ட விடக் கூடாது. வழக்கமாக உட்கொள்ளும் மருந்துகளுக்கு மருத்துவரின் கடிதம் வைத்திருங்கள். செயற்கைக்கோள் தொலைபேசியை அனுமதியின்றி வைத்திருப்பதே இந்தியா உள்ளிட்ட சில நாடுகளில் குற்றம். வாங்குவதற்கு முன் பாதையிலுள்ள எல்லா நாடுகளின் விதியையும் பாருங்கள்.

7. பொதுப் பணம்

தங்கும் அறை, உணவு, படகுக் கட்டணம் ஆகியவற்றுக்குப் பொதுப் பை. எரிபொருளுக்கும் பழுதுக்கும் அவரவர் பணம். கணக்கை நாள்தோறும் இரவு படுக்கும் முன் எழுதி எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும்.

8. சாலையில் குழுவாக ஓடுதல்

முன்னே வழிகாட்டி, கடைசியில் அனுபவமுள்ள ஒருவர், வழிகாட்டிக்கு அடுத்து குழுவிலேயே புதியவர். நேர்ச்சாலையில் ஒருவர் பாதையின் இடப்பக்கமும் அடுத்தவர் வலப்பக்கமுமாக விலகி ஓடலாம். வளைவுகளில் ஒற்றை வரிசை.

குழு சிதறாமல் இருக்க நான் கண்டதில் மிகச் சிறந்த முறை இது. திரும்ப வேண்டிய ஒவ்வொரு சந்திப்பிலும், வழிகாட்டிக்கு நேர் பின்னால் வருபவர் பாதுகாப்பான இடத்தில் நின்றுகொள்கிறார். பின்னால் வருபவர்களுக்கு அவரே திசைகாட்டும் பலகை. கடைசி ஓட்டுநர் கண்ணில் பட்டதும், நின்றவர் கிளம்பிக் கடைசி ஓட்டுநருக்கு முன்னால் சேர்ந்துகொள்கிறார். அடுத்த சந்திப்பில் அடுத்தவர் முறை. இதனால் முன்னே போகிறவரைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டிய அவசரம் யாருக்கும் இருக்காது. ஒவ்வொருவரும் தத்தம் வேகத்தில் போகலாம். இதற்கு விதி ஒன்றுதான்: கடைசி ஓட்டுநர் வரும்வரை, ஒரு மணி நேரமானாலும், நின்றவர் இடத்தை விட்டு நகரக் கூடாது. கடைசி ஓட்டுநர் எல்லோரும் தொலைவிலிருந்தே அடையாளம் காணும் நிறத்தில் மேலங்கி அணியட்டும்.

சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுவது என்பது நாடு மாறும்போது மாறினால், முதல் நாளைவிட ஐந்தாம் நாளே ஆபத்தானது. முதல் நாள் எல்லோரும் விழிப்போடு இருப்பார்கள். ஐந்தாம் நாள் காலை, வண்டி எதுவும் இல்லாத சாலையில், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போது பழைய பழக்கம் கையைத் திருப்பிவிடும். முகப்பு விளக்கின் தாழ்ஒளி ஓரத்தை நோக்கிச் சாய்ந்திருக்கும் என்பதால் பக்கம் மாறிய நாட்டில் அது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும்; அந்தப் பகுதியை ஒட்டுநாடாவால் மறைத்துக்கொள்ளுங்கள். இருட்டிய பின் ஓட்டாமல் இருப்பது அதைவிட நல்லது.

9. ஒருவர் நின்றுவிட்டால்

ஆள் விமானமேறித் திரும்பிவிடலாம்; பைக்கை அப்படியே விட்டுவிட்டு வர முடியாது. அது அவர் பெயரில், அவர் கார்னெட்டில், சில நாடுகளில் அவருடைய கடவுச்சீட்டிலேயே பதிவாகி உள்ளே வந்திருக்கிறது. வீட்டில் மரணம் என்று செய்தி வந்தாலும், முதலில் சுங்க அலுவலகத்துக்குப் போய்ப் பைக்கை அவர்கள் பொறுப்பில் ஒப்படைத்து முத்திரையிட்டுச் சான்று வாங்க வேண்டியிருக்கும். இதற்காகவே, ஒவ்வொருவரும் தன் பைக்கை வெளியே கொண்டுபோகவோ கப்பலேற்றவோ தோழர் ஒருவருக்கு அதிகாரமளிக்கும் பத்திரத்தை, சான்றுறுதியோடும் போகும் நாடுகளின் மொழிபெயர்ப்போடும், புறப்படும் முன்பே எழுதிக் கையில் வைத்திருக்க வேண்டும். எல்லா நாடும் அதை ஏற்காது. ஏற்கும் நாட்டில் அது ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

ஊர் திரும்பிய பிறகும் ஒரு வேலை உண்டு. கார்னெட்டின் எல்லா அடிக்கட்டைகளிலும் இரட்டை முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, பைக் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிட்டது என்பதற்கான சுங்கச் சான்றையும் இணைத்து, வழங்கிய மன்றத்திடம் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் சரிபார்த்துத்தான் வைப்புத்தொகையை விடுவிப்பார்கள். குழுவில் கடைசி ஆளின் வைப்புத்தொகை கைக்கு வரும்வரை பொதுக் கணக்கு நோட்டை மூட வேண்டாம்.